கடைப் பெயருக்குப் பக்கத்தில் கொடி எமோஜி போடலாமா? அதற்கு என்ன அர்த்தம்?

கேள்வி கேட்டவர் மதுரையில் சுங்குடிச் சேலை விற்கிறார். இன்ஸ்டாகிராமில் கடைப் பெயரை ஒட்டி இந்தியக் கொடி எமோஜி போட்டிருக்கிறார். போனில் கொடி தெரிகிறது. கடையில் இருக்கும் கம்ப்யூட்டரில் பார்த்தால் கொடிக்குப் பதிலாக ‘ஐ, என்’ என்று இரண்டு ஆங்கில எழுத்து நிற்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன், கொடியைக் கடைப் பெயரோடு போடுவது சட்டப்படி தப்பு என்கிறாராம். கொடி எமோஜிக்கு உண்மையில் என்ன அர்த்தம், போடலாமா கூடாதா, ‘தமிழ்’ என்று காட்ட எந்தக் கொடியைப் போடுவது என்று கேட்டிருக்கிறார்.

டவுன்ஹால் ரோடு பக்கம் ரொம்ப வருஷமாக டிடிபியும் வெப்சைட்டும் செய்துகொண்டிருக்கிறேன். இந்தக் கொடிகளோடு நிறையப் பழகியிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கம்ப்யூட்டர். அதில் பழுது எதுவும் இல்லை. நீங்கள் உண்மையில் எழுதியது எதுவோ அதைத்தான் அது காட்டுகிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எமோஜிக்கும் உலகப் பொதுவான எண் கொடுக்கிற தரத்துக்கு யூனிகோடு என்று பெயர். இந்தியக் கொடி என்று தனியாக ஒரு எழுத்தோ படமோ அதில் கிடையாது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கும் இணையாக 26 சிறப்பு எழுத்துகளை 2010-ல் வந்த யூனிகோடு 6.0-ல் சேர்த்தார்கள். அவற்றில் ஐ, என் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், ‘இது இந்தியா, கொடியைக் காட்டு’ என்று போன் புரிந்துகொள்கிறது. எல், கே வைத்தால் இலங்கை. எஸ், ஜி என்றால் சிங்கப்பூர். நாடுகளுக்கான இந்த ஈரெழுத்துக் குறிகள் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் ‘ஐஎஸ்ஓ 3166’ பட்டியலிலிருந்து வருகின்றன.

இப்படிச் சுற்றி வளைத்துச் செய்ததற்குக் காரணம் உண்டு. எமோஜி ஜப்பானில் பிறந்தது. அங்கே இருந்த செல்போன் நிறுவனங்கள் ஏற்கெனவே பத்து நாட்டுக் கொடிகளை வைத்திருந்தன: ஜப்பான், அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், ஸ்பெயின், ரஷ்யா, சீனா, தென்கொரியா. இந்தியா அதில் இல்லை. உலகம் முழுவதற்குமான எழுத்துத் தரத்தில் இந்தப் பத்தை மட்டும் வைத்தால் மற்ற நாடுகள் சும்மா இருக்குமா? எல்லாக் கொடியையும் வைக்கலாம் என்றால், எது நாடு எது நாடில்லை என்று எழுத்துருக்காரர்கள் தீர்ப்பு சொல்ல வேண்டி வரும். அதனால் எழுத்துகளை மட்டும் கொடுத்துவிட்டு, எந்த ஜோடிக்கு எந்தக் கொடி என்பதை போன் தயாரிக்கிறவர்களிடம் விட்டுவிட்டார்கள். ஆப்பிள் போன்களில் நம் கொடி 2015-ல்தான் வந்தது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸின் எமோஜி எழுத்துருவில் நாட்டுக் கொடிகளைச் சேர்க்கவே இல்லை. அதனால்தான் உங்கள் திரையில் வெறும் எழுத்து. ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று ஒரு எமோஜி எழுத்துரு வைத்திருப்பதால், அதே கம்ப்யூட்டரில் அதில் திறந்தால் கொடி தெரியும். சில தளங்கள் கொடியைப் படமாகவே வைத்திருக்கும், அங்கேயும் தெரியும்.

இதில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே விளங்கும். நீங்கள் அனுப்புவது இரண்டு எழுத்து மட்டுமே. கொடியை ஏற்றுவது வாங்குகிறவர் போன். அதற்கு அர்த்தம் கொடுப்பது வாங்குகிறவர் மனசு.

பழைய போன்களில் இந்த எழுத்து ஜோடி எப்படியெல்லாம் உடைந்தது என்று பார்த்தால் இது தெளிவாகப் புரியும். இந்தியா, இலங்கை மேட்ச் அன்று எங்கள் ஃபேமிலி குரூப்பில் மாமா ஒருவர் இரண்டு கொடியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். அப்புறம் இந்தியக் கொடியை மட்டும் அழித்துவிட்டு ஏதோ எழுத நினைத்து, அதன் பின்னால் வந்து ஒரு தடவை அழிக்கும் பொத்தானை அழுத்தினார். இப்போதைய போன்கள் கொடியை முழுசாக அழிக்கும். அவர் போன் ஒரு எழுத்தைத்தான் அழித்தது. ஐ, என், எல், கே என்ற நான்கில் என் மட்டும் போனது. மிச்சம் இருந்த ஐயும் எல்லும் சேர்ந்து இஸ்ரேல் கொடியாகிவிட்டன, ஓரத்தில் ஒரு ‘கே’ தனியாக நின்றது. கிரிக்கெட்டுக்கும் இஸ்ரேலுக்கும் என்ன சம்பந்தம் என்று குரூப்பில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. இந்தியாவையும் சிங்கப்பூரையும் சேர்த்துப் போட்டு இதேபோல ‘என்’ எழுத்து அழிந்தால் ஐஸ்லாந்து வரும். இந்தியாவும் கத்தாரும் என்றால் ஈராக். கத்தாரில் வேலை பார்க்கிற பிள்ளையின் பெயரில் திடீரென்று ஈராக் கொடியைப் பார்த்தால் வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு எப்படி இருக்கும்?

வியாபாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு, உங்களுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். பழைய பில்லிங் சாஃப்ட்வேர் பல, எமோஜி எழுத்துகளைச் சேமிக்கத் தெரியாதவை. வாடிக்கையாளர் பெயரிலோ கடைப் பெயரிலோ கொடி இருந்தால் பில்லில் நாலைந்து கேள்விக்குறிதான் அச்சாகும். எஸ்எம்எஸ்ஸில் தமிழில் எழுதினால் ஒரு செய்திக்கு 70 இடம்தான். அதில் ஒரு கொடி மட்டும் நான்கு இடத்தை எடுத்துக்கொள்ளும். தீபாவளி எஸ்எம்எஸ் ஆயிரம் பேருக்கு அனுப்பும்போது, இரண்டு கொடி சேர்த்ததால் செய்தி இரண்டாக உடைந்து பணமும் இரட்டிப்பான கதையை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் கொடிகள் வேறு வகை. அவை தனி நாட்டுக் குறி இல்லாதவை என்பதால் 2017-ல் புது வழி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒரு கருப்புக் கொடியை முதலில் வைத்து, அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளாகப் பகுதியின் குறியைக் கோப்பார்கள். இங்கிலாந்துக் கொடி ஒன்றுக்கு மொத்தம் ஏழு எழுத்து. புது போன் இதைப் பார்த்தால் வெள்ளையில் சிவப்புச் சிலுவை காட்டும். புரியாத பழைய போன் கருப்புக் கொடியை மட்டும் காட்டும். நம் ஊரில் கருப்புக் கொடி என்றால் ஒரே அர்த்தம்தான். மந்திரி வருகிறார், எதிர்ப்பு காட்டுகிறோம். இங்கிலாந்தில் படிக்கிற பேத்தி ‘நான் வந்து சேர்ந்துவிட்டேன்’ என்று கொடி போட்டு அனுப்பி, திருமங்கலத்தில் தாத்தாவின் போனில் அது கருப்புக் கொடியாக வந்து நின்றால், அவர் பதறிப்போய் போன் செய்வது நியாயம்தானே.

அந்த வழியில் தமிழ்நாட்டுக்கும் ஒரு கொடி எமோஜியை எழுத முடியும். ஐஎன், டிஎன் என்று குறி இருக்கிறது, இலக்கணப்படி சரியான கோர்வைதான். ஆனால் எந்த போனும் அதற்குப் படம் வைத்திருக்கவில்லை, கருப்புக் கொடிதான் வரும். படம் வரையவும் வழியில்லை, ஏனென்றால் தமிழ்நாட்டுக்கென்று அதிகாரப்பூர்வமான கொடி கிடையாது. 1970-ல் முதல்வர் கருணாநிதி ஒரு மாநிலக் கொடி வடிவத்தை முன்வைத்தார், அது நடைமுறைக்கு வரவில்லை. புதிய கொடி எமோஜிக்கான விண்ணப்பங்களை இனி ஏற்பதில்லை என்று யூனிகோடு அமைப்பும் 2022-ல் அறிவித்துவிட்டது. ஐஎஸ்ஓ பட்டியலில் புதுக் குறி வந்தால் மட்டும் அதற்குரிய கொடி தானாகச் சேரும்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், எனக்கு மனசுக்கு நெருக்கமானது இதுதான். தமிழ் என்று காட்ட எந்தக் கொடி?

சில வருஷங்களுக்கு முன் ஒரு வெப்சைட்டில் மொழியைத் தேர்ந்தெடுக்கிற இடத்தில் ஆங்கிலத்துக்கு பிரிட்டன் கொடியும் தமிழுக்கு இந்தியக் கொடியும் வைத்தேன். என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர், மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவர். திரையைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “அண்ணே, அப்ப நான் பேசுறது எந்த மொழி?”

எனக்கு அன்று பதில் வரவில்லை. அவர் இங்கேயே பிறந்தவர், ஆனாலும் இந்தியக் குடியுரிமை அவர் கையில் இல்லை. இலங்கைக் கொடியில் இருக்கிற ஆரஞ்சுப் பட்டை தமிழர்களைக் குறிப்பது, பச்சைப் பட்டை முஸ்லிம்களைக் குறிப்பது. எமோஜி அளவில் அந்தப் பட்டையைக் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும். அந்தக் கொடியை அவர் பெயருக்குப் பக்கத்தில் போட்டாலும் அவருக்கு வலிக்கும், நம் கொடியைப் போட்டாலும் வலிக்கும். தமிழ் சிங்கப்பூரில் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. இலங்கையிலும் ஆட்சிமொழி. மலேசியாவில் தமிழ்ப் பள்ளிகளே நடக்கின்றன. கொடி நாட்டுக்கு உரியது, மொழிக்கு உரியது இல்லை. இந்தியக் கொடியைப் பார்க்கிற ஒருவர் அந்தப் பொத்தானை அழுத்தினால் இந்தி வரும் என்று நினைக்கவும் இடம் உண்டு. அன்றைக்கே கொடிகளை எடுத்துவிட்டு ‘தமிழ்’ என்று தமிழிலேயே எழுதினேன். அதைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தானே அந்தப் பொத்தான் தேவை. உங்களுக்கும் இதையே சொல்கிறேன்.

அப்படியென்றால் கொடி எமோஜிக்கு அர்த்தம்தான் என்ன? மீனாட்சி அம்மன் கோவிலில் கம்பத்தடி மண்டபத்துக் கொடிமரத்தில் கொடி ஏறினால் சித்திரைத் திருவிழா தொடங்கிவிட்டது என்று ஊருக்கே தெரியும். அதே துணி மடித்து வைத்த நிலையில் யாருக்கும் எதையும் சொல்லாது. எமோஜியும் அப்படித்தான், நிற்கிற இடம்தான் அதற்குப் பேச்சு கொடுக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு கொடி இருந்தால் ‘நான் இந்த நாட்டுக்காரன்’. இரண்டு கொடியும் நடுவில் ஒரு அம்புக்குறியும் இருந்தால் ‘அங்கே பிறந்தேன், இங்கே இருக்கிறேன்’. ஸ்டேட்டஸில் விமானத்தோடு கொடி என்றால் பயணம். மேட்ச் அன்று கைதட்டலோடு கொடி என்றால் உற்சாகம். வேறு நாட்டில் நிலநடுக்கமோ போரோ வரும்போது அந்த நாட்டுக் கொடியோடு கும்பிடுகிற கை என்றால் துக்கத்தில் பங்கு. கடைப் பக்கத்தில் வரிசையாக ஐந்தாறு கொடிகள் இருந்தால், பெரும்பாலானவர்கள் ‘இந்த நாடுகளுக்கெல்லாம் அனுப்புகிறார்கள்’ என்றுதான் படிப்பார்கள்.

அரசியல் வாசிப்பும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. 2022 ஆகஸ்ட்டில் சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டையொட்டி, 2-ஆம் தேதி முதல் 15-ஆம் தேதி வரை எல்லோரும் முகப்புப் படத்தில் மூவர்ணக் கொடியை வைக்கும்படி பிரதமர் கேட்டுக்கொண்டார். ஏராளமானவர்கள் வைத்தார்கள். இணையச் சண்டைகளில் பெயருக்குப் பக்கத்தில் கொடி இருக்கிறவரை ‘இவர் இந்தப் பக்கம்’ என்று சிலர் முத்திரை குத்துகிறார்கள். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. திருப்பூர்க் குமரன் 1932-ல் அடிபட்டு விழுந்தபோதும் கையை விட்டு விடாதது அன்றைய தேசியக் கொடி. அந்த வழியில் வந்த கொடி எந்த ஒரு கட்சிக்கும் தனிச் சொத்து இல்லை. ஆனாலும் படிக்கிறவர் எப்படிப் படிப்பார் என்பது நம் கையில் இல்லை, சேலை வாங்க வருகிறவரிடம் அந்த விவாதத்தை ஆரம்பித்து வைக்கவும் தேவையில்லை.

கம்பத்தில் பறக்கிற முக்கோணச் சிவப்புக் கொடி எமோஜி ஒன்று இருக்கிறதே, அதிலும் கவனம் வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் அதை ‘ஆபத்து, இவரிடம் ஜாக்கிரதை’ என்ற பொருளில் போடுகிறார்கள். நம் நாட்டில் பலர் அதைக் காவிக் கொடியாக, கோவில் கொடியாகப் போடுகிறார்கள். மதுரையில் இடதுசாரித் தோழர்கள் வீட்டில் அது செங்கொடி. ஒரே படம், மூன்று வீட்டில் மூன்று பேச்சு.

கொடியைத் தேடி எடுக்கும்போதும் நிதானம் வேண்டும். நைஜர் நாட்டுக் கொடியும் ஆரஞ்சு, வெள்ளை, பச்சைதான். நடுவில் சக்கரத்துக்குப் பதில் ஆரஞ்சு வட்டம். சின்னத் திரையில் வித்தியாசமே தெரியாது. சுதந்திர தின போஸ்டரில் நைஜர் கொடியோடு என்னிடம் அச்சுக்கு வந்த கோப்புகள் உண்டு. பட்டியலில் உருட்டித் தேடாமல், தேடும் பெட்டியில் இந்தியா என்று தட்டி எடுங்கள்.

சரி, சட்டம். உங்கள் சித்தப்பா மகன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டம், கொடி என்ற சொல்லுக்குள் துணிக்கொடியை மட்டும் அடக்கவில்லை. படம், ஓவியம், புகைப்படம், எந்தப் பொருளில் காட்டப்பட்டாலும் கண்ணுக்குத் தெரிகிற எந்த உருவமும் கொடிதான் என்கிறது. பொது இடத்தில் அதை எரிப்பது, சிதைப்பது, அவமதிப்பது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். வாழ்த்துச் செய்தியில் எமோஜி போடுவது அவமதிப்பு ஆகாது, அதற்குப் பயப்படவே வேண்டாம்.

உங்களுக்குப் பொருந்துவது இன்னொரு சட்டம். 1950-ல் வந்த, சின்னங்களையும் பெயர்களையும் முறையின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்கிற சட்டம். வியாபாரத்துக்காகவோ வணிகச் சின்னத்திலோ தேசியக் கொடியை மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்கிறது. 2002-ன் கொடி விதித்தொகுப்பும் இதையே திரும்பச் சொல்கிறது. ஆயிரக்கணக்கான கடைகள் பெயரை ஒட்டிக் கொடி எமோஜி போட்டிருப்பதை நானும் பார்க்கிறேன். இருந்தாலும் என் முடிவு தெளிவானது: கடைப் பெயரிலிருந்தும் லோகோவிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

ஜவுளிக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொடியைக் குஷனிலோ கைக்குட்டையிலோ உடைத் துணியிலோ அச்சடிக்கக் கூடாது, எம்ப்ராய்டரி செய்யக் கூடாது என்று அந்த விதித்தொகுப்பில் இருக்கிறது. கொடியின் மேல் எழுத்து எழுதக் கூடாது என்றும் இருக்கிறது. ஆகஸ்ட் 15 தள்ளுபடி போஸ்டரில் கொடியின் வெள்ளைப் பட்டையில் ‘20 சதவீதம் தள்ளுபடி’ என்று எழுதச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் அதிகம், நான் மறுத்துவிடுவேன். காவி, வெள்ளை, பச்சையில் சுங்குடி கட்டிச் சாயம் போட்டால் அது மூன்று நிறம், அவ்வளவுதான். நடுவில் நீலச் சக்கரத்தையும் சேர்த்துக் கொடி மாதிரியே அச்சடித்தால் அது வேறு விஷயம், அதைத் தொட வேண்டாம்.

துணிக்கொடிக்கு எத்தனை விதிகள் பாருங்கள். நீளம் அகலம் மூன்றுக்கு இரண்டு, சக்கரத்துக்கு 24 ஆரம், காவி மேலே. 2021 டிசம்பர் வரை பாலியெஸ்டர் துணிக்கும் மெஷினில் நெய்த துணிக்கும் அனுமதியே இல்லை. கையால் நூற்று நெய்தால்தான் கொடி. மேலமாசி வீதியில் காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று மேலாடையைத் துறந்த வீட்டைக் கடந்து போகிறபோதெல்லாம் அந்த நூலின் நினைவு எனக்கு வரும். எமோஜிக்கு அப்படி ஒரு அளவுகோலும் இல்லை. ஒரு நிறுவனம் அலைபாய வரைகிறது, இன்னொன்று தட்டையாக வரைகிறது. 24 ஆரம் அந்த அளவில் நீலப் பொட்டாகத்தான் தெரியும். எமோஜியில் அளவையும் ஆரத்தையும் நாம் காப்பாற்ற முடியாது. எங்கே வைக்கிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

பார்வையற்றவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் போன் எழுத்தை வாசித்துக் காட்டும்போது ஒவ்வொரு கொடியையும் பெயர் சொல்லி வாசிக்கும். வரிசையாகப் பத்துக் கொடி போட்டால், அவர் பத்து தடவை ‘கொடி’, ‘கொடி’ என்று கேட்டு முடித்த பிறகுதான் சேலை விலைக்கு வர முடியும்.

உங்கள் பக்கத்தை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘மதுரை சுங்குடி. கைமுடிச்சு, பருத்தி. சிங்கப்பூர், மலேசியா, துபாய்க்கும் அனுப்புகிறோம்.’ சுங்குடிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ‘மதுரை’ என்ற ஒரு சொல் உங்கள் துணிக்குத் தருகிற அடையாளத்தை எந்தக் கொடியும் தராது. அது விண்டோஸிலும் தெரியும், பில்லிலும் தெரியும். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஸ்டேட்டஸில் ‘சுதந்திர தின வாழ்த்துகள்’, ‘குடியரசு தின வாழ்த்துகள்’ என்று வார்த்தையில் எழுதி, கடைசியில் ஒரே ஒரு கொடி போடுங்கள். அன்றைக்கு விலையும் தள்ளுபடியும் அதே படத்தில் வேண்டாம், தனிப் பதிவாகப் போடுங்கள். மாற்றி முடித்ததும் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு தடவை, வீட்டில் இருக்கிற பழைய போனில் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.